மகள் ‘உலகம்’ என்கிறாள், மகன் ‘இனம்’ என்கிறான்

வாசகர் கேள்வி:

நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது. ஓ.எல். (சாதாரண தரம்) நல்ல பெறுபேறு, இப்போது ஏ.எல். (உயர் தரம்) உயிரியல் படிக்கிறாள். ஒரு வருடமாக அவள் போக்கு எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமைகளில் கடற்கரை துப்புரவு செய்யும் பிள்ளைகளோடு போகிறாள். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பொட்டு வைப்பதை விட்டாள். கோணேசர் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இன்ஸ்டகிராமில் தன்னை உலகப் பிரஜை என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ‘தமிழ் தமிழ் எண்டு சொல்லாதீங்கம்மா, முதல்ல நாங்க மனுசர்’ என்கிறாள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த விழாவுக்கு அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இவர் 90இல், போர்க்காலத்தில், தன் தம்பியைப் பறிகொடுத்தவர். ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். மூத்தவன் மகன், 19 வயது. அவனில் கவலையில்லை, இனப்பற்றுள்ள பிள்ளை. ஏ.எல். சரிவராததால் வீட்டில் இருக்கிறான். ஃபோனில் இனத்துக்காக எழுதிக்கொண்டிருப்பான். தங்கச்சியின் முஸ்லிம் சிநேகிதியை, கிண்ணியாப் பிள்ளையைப் பற்றி அவன் ஏதோ சொல்லப்போய் இருவரும் இப்போது கதைப்பதில்லை. மகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— ஒரு தாய், திருகோணமலை

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது மகளைப் பற்றி. ஆனால் நான் மகனைப் பற்றியும் கதைக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அவனுக்கு நீங்கள் ஒதுக்கியது சில வரிகள்தான். எனக்குக் கூடுதல் கவலை அந்த வரிகளில்தான் இருக்கிறது. கோபிக்காமல் வாசியுங்கள்.

மகளிடமிருந்தே தொடங்குவோம். பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்லும் பெயரைக் கேட்டதும் பெற்றோர் பயந்துவிடுகிறோம், அல்லது நிம்மதியடைந்துவிடுகிறோம். ‘உலகம்’ என்றால் கைவிட்டுப் போய்விட்டாள், ‘இனம்’ என்றால் நம்மோடு நிற்கிறான் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெயருக்குக் கீழே என்ன விழுமியம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரே பெயரை ஒரு பிள்ளை அன்பினால் சூடிக்கொள்ளும், இன்னொரு பிள்ளை பயத்தினால் சூடிக்கொள்ளும். இரண்டும் இரண்டு இடத்துக்குக் கொண்டுபோகும்.

சலோம் சுவார்ட்ஸ் என்ற உளவியலாளர் பல நாட்டு மக்களிடம் தகவல் திரட்டி, மனிதர்களின் அடிப்படை விழுமியங்களைப் பத்தாக வகுத்து 1992இல் வெளியிட்டார். பாதுகாப்பு, மரபு, ஒத்துப்போதல், அதிகாரம், சாதனை, தானாக முடிவெடுத்தல், நெருங்கியவர்கள் மேல் அக்கறை என்று அது போகும். அதில் ஒன்றை உங்களுக்காக எடுத்துச் சொல்கிறேன். எல்லா மனிதருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் இயற்கையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் ஒரே விழுமியத்துக்குள் வைத்தார். உங்கள் மகள் சனிக்கிழமை காலையில் உப்புவெளிக் கரையில் பிளாஸ்டிக் போத்தலும் அறுந்த வலைத்துண்டும் பொறுக்குவதும், வீட்டுக்கு வந்து ‘முதல்ல நாங்க மனுசர்’ என்று சொல்வதும் ஒரே இடத்திலிருந்து வருபவை. அவள் எதையோ உதறிவிட்டு ஓடுகிறாள் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு, அவள் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிகிறது.

அப்புறம், நம் ஊரில் ‘உலகம்’ என்ற சொல்லுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளை உலகப் பிரஜை என்று சொல்வதும் திருகோணமலைப் பிள்ளை சொல்வதும் ஒன்றல்ல. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேல், தமிழர் முப்பதளவில், சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். மூன்று பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம். ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் வளர்கிறார்கள். மொழியால் பிரிந்தது ஒரு பிரிவு, தமிழ் பேசுகிறவர்களுக்குள்ளேயே தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்தது இன்னொரு பிரிவு. பதினாறு வயது வரை கிண்ணியாப் பிள்ளையோடு ஒரு வாங்கில் இருந்து படிக்காத ஒருத்திக்கு, அந்தப் பிள்ளையோடு சமமாக உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தின் பெயர் கோயிலாக இருந்தால் அவள் வரமாட்டாள், பள்ளிவாசலாக இருந்தால் இவள் போகமாட்டாள், விகாரையாக இருந்தால் இருவரும் போகமாட்டார்கள். கடலும் ஆங்கிலமும் ‘உலகம்’ என்ற பெயரும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடங்கள். ஆக, உங்கள் மகள் உலகம் என்று சொல்லிக்கொண்டு போயிருப்பது தூரத்துக்கு இல்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிண்ணியாவுக்குத்தான் போயிருக்கிறாள்.

கோர்டன் ஓல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் ஒன்றைச் சொன்னார். வேறு வேறு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் வெறுப்புக் குறையாது. சமமான நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களும் நிறுவனங்களும் அதை ஆதரிக்க வேண்டும். சந்தையில் இந்த நான்கும் இல்லை. அந்தக் கடற்கரைக் குழுவில் முதல் மூன்றும் இருக்கின்றன. நான்காவது நீங்கள்.

சரி, அப்படியானால் மகளில் கவலைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. பொட்டு இல்லாததில் இல்லை, கோயிலுக்கு வராததில் இல்லை. அப்பாவை விழாவுக்கு வர வேண்டாம் என்றாளே, அதில்தான் இருக்கிறது.

ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்டீர்களா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். அப்பா அங்கே வேற்று ஆட்களைக் கண்டு மனம் கலங்குவார், தம்பியின் நினைவு வந்துவிடும் என்று அவரைக் காப்பாற்ற நினைத்திருக்கலாம். அப்படியானால் அது அக்கறை, பிழையாக வெளிப்பட்ட அக்கறை. இல்லாவிட்டால் அப்பாவின் சாரமும் செருப்பும் அவர் கதைக்கும் தமிழும் அந்தக் கூட்டத்தில் தன்னைக் குறைத்துவிடும் என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் அது வெட்கம். தன் ஆட்களைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளை எவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிப்பிடித்தாலும் அதில் நிம்மதியாக நிற்க முடியாது. எங்கே தன் வீடு தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு இடத்திலும் ஒளித்துக்கொண்டிருப்பாள். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவளை வழிக்குக் கொண்டுவர முயல வேண்டாம். கேட்கும்போது குற்றம் சாட்டுவது போல் கேட்காதீர்கள். சமையலறையில் இருவரும் வேலையாக இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், ‘அண்டைக்கு அப்பா வந்திருந்தா உனக்கு என்ன கஷ்டமா இருந்திருக்கும் பிள்ளை?’ என்று கேளுங்கள். பிறகு பொறுத்திருங்கள். அவள் வாய் திறக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை உங்கள் அறிவுரையால் நிரப்பிவிடாதீர்கள்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது பெரிய நோவு என்று தெரிகிறது. இளையோரின் அடையாளம் பற்றி ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் எழுதியதையும், அதை இன அடையாளத்துக்குப் பொருத்திப் பார்த்த ஜீன் ஃபினியின் ஆய்வுகளையும் நாங்கள் இந்தத் தொழிலில் அடிக்கடி எடுத்துப் பார்ப்போம். பெற்றோர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் அப்படியே வாங்கிக்கொள்ளும் பிள்ளை ஒரு வகை. கொஞ்சக் காலம் தள்ளி வைத்து, தட்டிப் பார்த்து, ஏன் என்று கேட்டு, பிறகு தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் பிள்ளை இன்னொரு வகை. இரண்டாவது வகைப் பிள்ளையிடம்தான் அடையாளம் உறுதியாக நிற்கிறது. ஃபினி கண்டது இதைவிட முக்கியம். அப்படித் தேடி உறுதிப்படுத்திக்கொண்ட இளையவர்கள் மற்ற இனத்தவரோடு பழகுவதிலும் திறந்த மனத்தோடு இருக்கிறார்கள். தமிழை இறுக்கிப் பிடித்தால் உலகம் போய்விடும், உலகத்தைப் பிடித்தால் தமிழ் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. உங்கள் மகள் இப்போது தட்டிப் பார்க்கும் காலத்தில் இருக்கிறாள். கேள்வி கேட்டால் ‘அப்பிடித்தான், கும்பிடு’ என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கடலை இவ்வளவு நேசிக்கும் பிள்ளைக்குக் கோணேசர் கோயிலின் கதையை யாராவது சொன்னார்களா? 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்ததையும், அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போனதையும், கொஞ்சம் கடலுக்குள் விழுந்ததையும்? 1950களில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடிப் போய்த் தண்ணீருக்கடியில் செதுக்கிய கற்களையும் தூண்களையும் பார்த்ததையும்? புறாத்தீவின் பவளப்பாறைகள் வெளிறுவதைப் பற்றி அவள் உங்களுக்கு வகுப்பு எடுப்பாள் என்று நினைக்கிறேன். அதே கடலின் அடியில் அவளுடைய பூட்டன் பூட்டிமார் கும்பிட்ட கற்கள் கிடந்த கதையை நீங்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குக் கூப்பிட்டால் வராத பிள்ளை, பாறை விளிம்பில் நின்று கீழே பார்க்க வருவாள். முதலில் அதற்கு வரட்டும்.

இனி மகன்.

‘ஏ.எல். சரிவராததால் வீட்டில் இருக்கிறான்’ என்று ஒரு அரை வரி எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய எழுத்து எப்போது சூடாகத் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். பெறுபேறு வருவதற்கு முன்பா, பின்பா? 19 வயதுப் பையனுக்கு, அதுவும் எங்கள் சமூகத்தில், ஏ.எல். பெறுபேறு என்பது ஒரு பரீட்சைத் தாள் மட்டும் கிடையாது. கோயில் வீதியில் யார் கண்டாலும் ‘தம்பி, எத்தனை ஏ? கம்பஸ் கிடைச்சதா?’ என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத பிள்ளை வெளியே போவதைக் குறைக்கிறான். வீட்டில் தங்கச்சி நல்ல பெறுபேறோடு நிற்கிறாள், அவளுக்குச் சான்றிதழும் கிடைக்கிறது. ஃபோனில் மட்டும் அவனுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே எழுதினால் கைதட்டுகிறார்கள். எவ்வளவு காரமாக எழுதுகிறானோ அவ்வளவு கைதட்டல்.

ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் நகரில் 14, 15 வயதுப் பாடசாலைப் பையன்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். 1970இலும் 71இலும் அது அச்சில் வந்தது. இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு எது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி இரண்டு குழு என்று பையன்களிடம் சொன்னார். உண்மையில் குழுப் பிரித்தது எழுந்தமானமாக. பையன்களுக்குள் முன்பகை இல்லை, குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட, தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் பலர் பிரித்தார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு குழுப் பெயருக்கே இவ்வளவு இழுவை இருக்குமானால், உயிரும் இரத்தமும் சிந்திய வரலாறுள்ள ஓர் இனத்தின் பெயருக்கு எவ்வளவு இருக்கும்? தன்னில் மதிப்புக் குறைந்த பிள்ளை அந்தப் பெயரில் ஏறி நின்று மதிப்பைத் தேடுகிறான். இனப்பற்று என்று நீங்கள் நினைத்து ஆறுதல் அடைவது, பெரும்பங்கு, அவனுடைய தோல்வியின் வலி.

பெரும்பங்கு என்றுதான் சொல்கிறேன். முழுக்க என்று சொல்லவில்லை. கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் கோயில் இடத்துக்காக நடந்த இழுபறியை, காணிப் பிரச்சினைகளை அவன் எழுதினால் அதில் நியாயமான கேள்விகள் இருக்கும். அதை ‘இதெல்லாம் உனக்கேன்’ என்று அடக்கினால் அவன் உங்களை விட்டு இன்னும் தள்ளிப் போவான். நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது வேறு. தன் ஆட்களை நேசிப்பதும் மற்ற ஆட்களை வெறுப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை இல்லை என்று மெரிலின் புரூவர் என்ற உளவியலாளர் 1999இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மகனிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவன் எழுதுவதில் தமிழர் எத்தனை இடத்தில் வருகிறார்கள், முஸ்லிம்கள் எத்தனை இடத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். சம்பூரில் திரும்பக் குடியேறிய குடும்பங்களைப் பற்றி, தம்பலகாமத்து வயலைப் பற்றி, நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதினால் அது பற்று. கிண்ணியா ஆட்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் அது பற்று இல்லை. தங்கச்சியின் சிநேகிதியைப் பற்றி அவன் சொன்னது என்ன என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. எழுத மனம் வராத சொல்லாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வீட்டில் யார் என்ன பதில் சொன்னீர்கள்? யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், ‘அம்மா அப்பாவுக்கு இது சம்மதம்’ என்று இரண்டு பிள்ளைகளும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விழுமியம் வீட்டிலிருந்து பிள்ளைக்குப் போவதற்கு இரண்டு படி இருக்கிறது என்று குருசெக், குட்னோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். பெற்றோர் எதை மதிக்கிறார்கள் என்று பிள்ளை சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்ததை ஏற்கவும் வேண்டும். முதல் படியிலேயே நாங்கள் பலர் தடுக்கி விழுகிறோம். ‘எல்லாரும் ஒண்டுதான்’ என்று வாயால் சொல்வோம். மகள் புதிய சிநேகிதியின் பெயரைச் சொன்னதும் ‘அது எந்தப் பக்கத்துப் பிள்ளை?’ என்று கேட்போம். பிள்ளைக்கு விளங்குவது கேள்விதான். 2018இல் நம் ஊரில் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதைப் பற்றிப் பெரிய பிரச்சினை எழுந்தபோது உங்கள் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். அப்போது வீட்டில் பெரியவர்கள் என்ன கதைத்தார்கள், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு என்ன கதைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கதையைக் கேட்டு வளர்ந்து, ஒருத்தி அதிலிருந்து விலகி நிற்கிறாள், ஒருத்தன் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது என்ன செய்வது?

முதல் காரியம் உங்கள் கணவருடையது. இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, தன் தம்பியின் கதையை அவர் சொல்ல வேண்டும். மகள் போர் முடிந்த பிறகு பிறந்தவள். மகனுக்கும் நினைவு தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. 90ஆம் ஆண்டு அவர்களுக்கு ஃபோனில் வரும் வீடியோ. சித்தப்பா எப்படிச் சிரிப்பார், எந்தச் சைக்கிள் ஓடினார், என்ன சாப்பாடு விருப்பம், கடைசியாக வீட்டை விட்டுப் போன அன்று என்ன சொன்னார், பிறகு யார் உதவினார்கள், யார் கதவைச் சாத்தினார்கள், எல்லாவற்றையும் சொல்லட்டும். உதவியவர் எந்த இனமாக இருந்தாலும் சொல்லட்டும், கைவிட்டவர் எந்த இனமாக இருந்தாலும் சொல்லட்டும். கதையின் முடிவில் ‘அதனால நீங்க…’ என்று ஒரு பாடம் மட்டும் வைக்க வேண்டாம். அவருக்கு இது கஷ்டமான வேலை. நித்திரை குழம்பலாம், பழைய பதற்றம் திரும்பலாம். தாங்க முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். முதலில் அவர் தனியாக யாரிடமாவது கதைக்கட்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு தேவையில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மகனின் ஃபோனைப் பறிக்க வேண்டாம். ஆனால் ஒன்றை நேராகச் சொல்லுங்கள்: இன, சமயப் பகையைத் தூண்டும் பதிவுக்காகச் சட்டத்தில் மாட்டியவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், ஒரு தமிழ்ப் பெடியனுக்கு அது சின்ன விஷயமாக முடியாது. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் பெற்ற தாயின் பயமாகச் சொல்லுங்கள். தங்கச்சியின் சிநேகிதியைப் பற்றிய சொல் இந்த வீட்டில் செல்லாது என்பதையும், இரண்டு பேர் முன்னாலும், தகப்பனே சொல்லட்டும். பிறகு அவனுடைய எதிர்காலத்தைப் பற்றிக் கதையுங்கள். திரும்பப் பரீட்சை எடுக்கப் போகிறானா, தொழில்நுட்பக் கல்லூரியா, ஒரு வேலையா? இனத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் அவனை வெல்ல முயல்வதைவிட, காலையில் எழும்பிப் போக அவனுக்கு ஓர் இடம் உண்டாக்கிக் கொடுப்பது பெரிய உதவி. எழுத்தில் கையிருக்கும் பிள்ளை என்றால் தம்பலகாமம், சம்பூர்ப் பக்கத்து முதியவர்களிடம் போய் அவர்கள் பட்டதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இனத்துக்காக எழுத விருப்பமென்றால் இனத்தின் ஆட்களை நேரில் பார்க்கட்டும்.

மகளின் கிண்ணியாச் சிநேகிதியை ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். ஹலாலைப் பற்றி யோசித்துக் குழம்ப வேண்டாம், மீனும் மரக்கறியும் வையுங்கள். என்ன வைத்தால் அந்தப் பிள்ளைக்கு வசதி என்று மகளிடமே கேளுங்கள். நீங்கள் அப்படிக் கேட்பதே அவளுக்கு ஒரு சேதி. மகன் அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும், கதைக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

அந்தக் குழு அடுத்த முறை எதையாவது ஒழுங்கு செய்யும்போது, மகளின் சம்மதம் கேட்டுக்கொண்டு, உங்கள் கணவர் போய் ஒரு மணித்தியாலம் அவர்களோடு குப்பை பொறுக்கட்டும். பேச்சு ஒன்றும் தேவையில்லை. மகள் அதற்கு ஓம் என்கிறாளா, முகம் சுளிக்கிறாளா என்பதில் நான் மேலே கேட்ட கேள்விக்கான பதிலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மகன் பரீட்சையைப் பற்றி என்ன முடிவெடுக்கிறான் என்பதையும், அவனுக்கு நித்திரை, சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். மகளைவிட அவனைப் பற்றித்தான் அடுத்த கடிதத்தில் நான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும்.